நிற்கத் தெரிந்த வேகம்

புதிய மகிழுந்து ஒன்று சந்தைக்கு வந்தால், "எவ்வளவு வேகம் போகும்?" என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை அது எத்தனை வினாடியில் எட்டும் என்பதை விளம்பரங்களும் பெரிய எழுத்தில் அறிவிக்கின்றன. அதே வேகத்திலிருந்து எத்தனை மீட்டருக்குள் நிற்கும் என்பதைச் சொல்லும் விளம்பரங்கள் மிக அரிது. ஓர் உயர்திறன் மகிழுந்தின் தரத்தை, அது ஓடும் வேகத்தோடு நிற்கும் திறனையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குப் பந்தய வரலாறே சான்று. 1953ஆம் ஆண்டு பிரான்சில் நடைபெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் மகிழுந்து வெற்றி பெற்றது. அக்காலப் பந்தய வாகனங்கள் பலவற்றில் டிரம் பிரேக்குகளே இருந்தன. மீண்டும் மீண்டும் அழுத்தும்போது அவை சூடேறி வலுவிழந்தன. ஜாகுவாரில் பொருத்தப்பட்ட டிஸ்க் பிரேக்குகளோ காற்றுப்பட்டு விரைவில் குளிர்ந்தன. அதனால், அதன் ஓட்டுநர்கள் வளைவுக்கு மிக அருகில் வரும்வரை வேகத்தைக் குறைக்காமல் செல்ல முடிந்தது. நன்றாக நிற்க முடிந்ததால்தான் அந்த வாகனத்தால் துணிந்து ஓட முடிந்தது.

வேகம் இரு மடங்கானால், வாகனத்தின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் அந்த ஆற்றலின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்ற வேண்டும். இதனால்தான் விலையுயர்ந்த மகிழுந்துகளில் கடும் வெப்பத்தைத் தாங்கும் கார்பன் செராமிக் தட்டுகளைப் பொருத்துகிறார்கள். மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய புகாட்டி வேரோனில், பின்புற இறக்கையும் நிமிர்ந்து நின்று காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்க உதவுகிறது.

"இவ்வளவு சிறந்த பிரேக் இருக்கும்போது வேகமாகச் சென்றால் என்ன?" என்று சிலர் வாதிடலாம். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. காரணத்தை எளிய கணக்கே காட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சாதாரண மகிழுந்து ஒன்று, உலர்ந்த சாலையில் பிரேக்கை அழுத்திய பின் ஏறக்குறைய 40 மீட்டரில் நிற்கும். உயர்திறன் மகிழுந்துகள் பல 35 மீட்டருக்குள் நின்றுவிடும். ஆக, பெரும்பணம் கொடுத்து நாம் வாங்குவது ஏறக்குறைய ஐந்து மீட்டர்தான். ஆனால், அந்த வேகத்தில் வாகனம் ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. கைப்பேசியை ஒரே ஒரு வினாடி பார்த்தால் போதும். வாங்கிய ஐந்து மீட்டரைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இழந்துவிடுவோம். சாலையைப் பாராமல் பிரேக்கை மட்டும் நம்புவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியது போலாகும்.

மேலும், வாகனத்தை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பே. நம் நாட்டில் அடிக்கடி பெய்யும் கனமழையில் அந்தப் பிடிப்புக் குறைகிறது. தேய்ந்த டயரில் எந்த விலையுயர்ந்த பிரேக்கும் முழுப்பயன் தராது. நம் வாகனம் சட்டென நின்றாலும், பின்னால் வரும் கனவுந்தால் அப்படி நிற்க முடியாது என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே, விற்பனை நிலையங்கள் முடுக்க நேரத்திற்கு அருகிலேயே நிறுத்தத் தொலைவையும் எழுதி வைக்க வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு அறிய வேண்டும். வாகனமோட்டும் பயிற்சியில் அவசர நிறுத்தத்திற்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும்.

மாணவர்களே, மலேசியாவில் 17 வயதில் மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறலாம். உங்களுள் பலருக்கு அந்த நாள் தொலைவில் இல்லை. முன்னால் செல்லும் வாகனம் ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்தபின், நீங்கள் அதே கம்பத்தை அடையக் குறைந்தது இரண்டு வினாடியாவது ஆக வேண்டும். மழையில் அந்த இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். புகாட்டியை எல்லாராலும் வாங்க முடியாது. இந்த இடைவெளியை எந்த வாகனத்தில் செல்பவரும் விடலாம்.