ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதானா?

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் மாமா, உம்மாவின் தம்பி, நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். இரவில் வலையைப் போட்டுவிட்டு விழித்திருக்க வேண்டும். அதற்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை. கரையில் இருந்துவிட்ட பிறகும் அந்தப் பை இடுப்பை விட்டு இறங்கவில்லை. போன வருடம் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பெரிதாக வலிக்கவில்லை. வலிக்காததுதான் வினையாகிப் போனது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் பின்னேரம் திறக்கிற டிஸ்பென்சரிக்குப் போனார். விற்றமின் குளிசை கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது. மூன்று கிழமை கழித்து, "அவருட கை நல்ல கை" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வேறு ஒரு டொக்டர். பூசுகிற மருந்து. பிறகு ஒரு பாமசியில் துண்டு இல்லாமலேயே ஏதோ வாங்கினார். கிண்ணியாவில் மகள் வீட்டில் நின்றபோது அங்கே ஒரு டொக்டர், இது கூரான பல் உரசி வந்த புண் என்றார். இப்படியே ஐந்து மாதம் போய்விட்டது.

கடைசியில் பிரஷர் குளிசை எடுக்க ஓ.பி.டி.க்குப் போன அன்று, அங்கிருந்த இளம் டொக்டருக்கு மாமா பேசுகிற விதம் வித்தியாசமாகப் பட்டிருக்கிறது. "ஐயா, வாயைத் திறங்க பார்ப்பம்" என்று டோர்ச் அடித்துப் பார்த்தார். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அன்றைக்கே கடிதம் எழுதிப் பல் கிளினிக்குக்கு அனுப்பினார். சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். பிறகு நாக்கில் ஒரு பகுதியும் கழுத்தில் கட்டிகளும் எடுக்கப்பட்டன. மகரகமயில் கரண்ட் பிடித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், மாமா இருக்கிறார். பேச்சு மட்டும் எங்களுக்கே பாதிதான் விளங்குகிறது.

அவர் மகரகமயில் இருந்த நாட்களில் ஒரு இரவு, வீட்டில் கிடந்த மருந்துத் துண்டுகளையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினோம். யார்மீதாவது கோபப்படவேண்டும் போல இருந்தது. ஆனால் ஒவ்வொரு துண்டாகப் பார்த்தபோது கோபம் எங்கள் பக்கமே திரும்பியது. வாய்ப்புண் என்று முதல் தடவை வருகிறவருக்கு விற்றமின் கொடுப்பதில் என்ன பிழை? அநேகமான வாய்ப்புண்கள் இரண்டு கிழமையில் தானாகவே ஆறிவிடும். ஆறாமல் நிற்பதுதான் கவனிக்க வேண்டிய புண். அது ஆறவில்லை என்பது இரண்டாம் தடவை பார்க்கிற டொக்டருக்குத்தானே தெரியும்? மாமா போன ஒவ்வொரு இடத்திலும் அவர் முதல் தடவை வந்த நோயாளி. முந்திய துண்டை ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால் "முந்தி வேற டொக்டரிட்ட போயிருக்கார்" என்று நினைப்பார்களே என்ற வெட்கமாம்.

இங்கிலாந்தில் 2025 செப்டம்பரில் குடும்ப வைத்தியர்களுக்கு 'ஜெஸ் விதி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரே முறைப்பாட்டோடு ஒருவர் மூன்றாம் தடவையும் வந்து, அதற்குக் காரணம் தெரியாமலிருந்தால், அல்லது நோய் கூடிக்கொண்டு போனால், டொக்டர் திரும்ப முதலிலிருந்து யோசிக்க வேண்டும். புற்றுநோய் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டு 27 வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். அவர் ஐந்து மாதத்துக்குள் இருபது தடவைக்கு மேல் தன் டொக்டர்மாரைத் தொடர்புகொண்டிருந்தார். நல்ல விதிதான். ஆனால் எங்கள் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவந்தாலும் வேலை செய்யாது. இங்கே எந்த டொக்டரும் எங்களை மூன்றாம் தடவை பார்ப்பதில்லையே. இரண்டு நாளில் சுகம் வரவில்லையென்றால் ஆளை மாற்றிவிடுகிறோம், அல்லது நேரே ஸ்பெஷலிஸ்டை சனல் பண்ணப் போகிறோம். அதுவும் எந்த ஸ்பெஷலிஸ்ட் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு.

மூத்தப்பா காலத்தில் ஒரு தெருவுக்கே ஒரு டொக்டர் இருந்தார் என்பார்கள். யாருக்கு எந்த மருந்து ஒத்துவராது, யார் வெற்றிலை போடுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டுக் கொள்கையும் அதைத்தான் வேறு மொழியில் சொல்கிறது: வீட்டுக்குக் கிட்ட ஒரு ஆரம்ப வைத்தியசாலை, அங்கே எங்களுக்கென்று ஒரு பதிவு. அது எங்கள் வாசலுக்கு வரும்வரைக்கும் அந்தப் பதிவை நாங்களே ஒரு சிஆர் கொப்பியில் வைத்துக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு வருடா வருடம் எத்தனை கொப்பி வாங்குகிறோம்!

டொக்டர்மாரிடமும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் எங்களிடம் படித்த பிள்ளைகள், உரிமையோடு சொல்கிறோம். மஃரிபுக்குப் பிறகு உங்கள் டிஸ்பென்சரி வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்தாலே உங்கள் நிலைமை விளங்குகிறது. எல்லோரையும் ஆறுதலாக இருந்து பாருங்கள் என்று கேட்க மாட்டோம். ஆனால் பல்லில் வெற்றிலைக் காவி தெரிகிற ஆள் முன்னால் இருந்தால், அவர் இருமலுக்கு வந்தாலும் சரி, முழங்கால் வலிக்கு வந்தாலும் சரி, வாயைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று கிழமையாக ஆறாத புண், உறைப்புக் கறி பட்டால் வாய் எரிவது, மூன்று விரலை நிமிர்த்தி வைக்க முடியாத அளவுக்கு வாய் ஒடுங்குவது, இவை புத்தகத்தில் நீங்கள் படித்தவைதான். இலங்கை ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதும் உங்களுக்குத் தெரியும். துண்டின் அடியில் "இரண்டு கிழமையில் என்னிடமே திரும்ப வரவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி மாமாவின் துண்டுகளில் எதிலும் இருக்கவில்லை.

இது ஆகாத காரியமில்லை. இந்த நாட்டிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். கிராமங்களில் வேலை செய்யும் சுகாதார ஊழியர்கள் 34 பேருக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, வழமையான வேலையோடு சேர்த்து மக்களின் வாயைப் பார்க்கச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984இல் அந்த ஆய்வு வந்தது. ஒரு வருடத்தில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேரைப் பார்த்து, சந்தேகத்துக்குரியவர்கள் என்று 1,200 பேரளவில் பிரித்தெடுத்தார்கள். அக்கரையில் திருவனந்தபுரத்தில் இதேபோல் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வெளியானது. புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. ஸ்கேன் இல்லை, மெசின் இல்லை. வெளிச்சமும் கண்ணும்தான்.

ஆனால் இலங்கை ஆய்வில் எங்களை உறுத்துவது வேறு விஷயம். பெரிய இடத்தில் காட்டச் சொல்லி அனுப்பப்பட்ட அந்த 1,200 பேரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் போனார்கள். மற்றவர்கள் போகவேயில்லை. நாற்பது வருடம் கழிந்தும் நாம் அதே ஆட்கள். கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, "கத்தி பட்டால் பரவிடும்" என்று யாரோ சொன்ன கதையை நம்பிக்கொண்டிருக்கிறோம். ஐந்து நேரமும் வுழூச் செய்ய வாய் கொப்பளிக்கிறோம். அதே வாயைக் கண்ணாடியில் ஒரு தடவை திறந்து பார்த்திருப்போமா?

கல்யாண வீட்டு வெற்றிலை வட்டாவைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பொயிலை போடாமல் வெறும் பாக்கு மென்றால் ஒன்றுமில்லை என்பது பிழை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இலேயே எழுதிவிட்டது. எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பொக்கற்றில் இனிப்புப் பாக்குப் பைக்கற்றைக் கண்டெடுக்கும் நாட்களில் எங்களுக்கு வருகிற கோபத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சகோதரிகளே, உங்கள் கதை இன்னும் சிக்கலானது. மார்பில் கட்டி தெரிந்தும் காட்டக் கூச்சப்பட்டு ஒரு நோன்பிலிருந்து மறு நோன்பு வரை மறைத்த ஒரு உம்மாவின் ஜனாஸாவுக்கு நாங்கள் போயிருக்கிறோம். மாதவிடாய் நின்றுபோன பிறகு திரும்ப இரத்தம் பட்டால் அது "சூடு" இல்லை, உடனே காட்ட வேண்டியது. எம்.ஓ.எச். பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். மார்பையும் பார்க்கிறார்கள். உங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கேட்டால் நாள் சொல்வார்.

வாயில் சந்தேகம் உள்ளவர்கள் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் எங்கேயிருந்தாலும் அரச வைத்தியசாலைப் பல் கிளினிக்குக்குப் போகலாம், காசு கேட்க மாட்டார்கள். பழைய துண்டுகளையும் கையில் கொண்டு போங்கள்.

பெண் டொக்டர்கள் எந்தக் கிளினிக்கில் எந்த நாளில் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதிவிடுங்கள். பாடசாலைக்கு வருகிற உம்மாமார் பலர் எங்களிடம் அதைத்தான் மெதுவாக விசாரிக்கிறார்கள்.