காவலும் களஞ்சியமும்

வீட்டு வாயிலிற் பொருத்தப்படும் கமரா, தான் கண்டவற்றைத் தானாகவே முகிற் களஞ்சியத்துக்கு அனுப்பிவைப்பது வீட்டாருக்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்தாகும். கமரா விற்கும் நிறுவனங்கள் அவ்வாறு கூறுவதில் வியப்பில்லை. அது அவற்றின் வாணிபம். கணினித் துறை கற்றோரும் அதனை ஆராயாது திருப்பிச் சொல்வதே மறுப்பை வேண்டிநிற்கின்றது.

இக்கருத்தினரின் வாதங்களுள் ஒன்று வலுவானது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளல் வேண்டும். பதிவுப் பெட்டி வீட்டினுள்ளே இருப்பின், திருடன் நகையோடு அதனையும் தூக்கிச் செல்வான். தீ பிடித்தால் வீட்டோடு சாட்சியும் எரியும். ஆகவே, பதிவின் பிரதியொன்று வீட்டுக்கு வெளியே இருத்தல் நன்று. ஆயின், பிரதி வெளியே இருக்கவேண்டும் என்பதிலிருந்து, அதனைத் திறக்கும் சாவியும் வெளியே இருக்கவேண்டும் என்ற முடிபு எவ்வாறு பெறப்பட்டது? வங்கிப் பெட்டகத்தில் நகையை வைப்பவர் எவரும், முகாமையாளர் அதனை நாள்தோறும் திறந்து பார்ப்பதற்கு இசைவதில்லை.

'முகில்' என்ற பெயரே மயக்கம் தருவது. வானில் எதுவும் மிதக்கவில்லை. நிலத்தில் எழுப்பிய கட்டடம், அதனுள் ஓயாது இயங்கும் கணினிகள், அவற்றுக்கு ஓர் உரிமையாளர், அவரிடம் சம்பளம் பெறும் ஊழியர் ஆகியவையே அம்முகில். 'பிறர் களஞ்சியம்' என்று பெயரிட்டிருந்தால் வாங்குவோர் சற்றுத் தயங்கியிருக்கக்கூடும்.

அமேசன் 2018ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கிய றிங் நிறுவனத்தின் கதை இவ்விடத்து நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2023 மே மாதத்தில் அந்நிறுவனத்தின்மீது தாக்கல் செய்த முறைப்பாட்டில் அக்கதை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் றிங் ஊழியர் அனைவருக்கும், உக்ரெயினிலிருந்த ஒப்பந்தப் பணியாளர் நூற்றுக்கணக்கானோருக்கும், தொழிலுக்குத் தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும், வாடிக்கையாளரின் பதிவுகள் திறந்தே கிடந்தன. 2017இல் ஓர் ஊழியர் குறைந்தது 81 பெண்களுக்கு உரிய ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பல மாதங்களாகப் பார்த்துவந்தார். படுக்கையறையிலும் குளியலறையிலும் வைக்கப்பட்ட கமராக்களையே அவர் தேடிச் சென்றார். இதனைக் கண்ட சக ஊழியர் மேலதிகாரியிடம் முறையிட்டபோது, பொறியியலாளர் ஒருவர் அத்தனை கணக்குகளைப் பார்ப்பது வழமையே என்ற விடைதான் முதலிற் கிடைத்தது. மேலதிகாரியின் இந்த விடை அவ்வூழியரின் செயலைவிடப் பாரதூரமானது. பிறர் வீட்டைப் பார்ப்பது அங்கு வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது என்பதை அது காட்டிவிடுகின்றது. சட்டத்தை மீறியதாக ஒப்புக்கொள்ளாத நிறுவனம் 5.8 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது.

இதனைத் தனியொருவரின் ஒழுக்கக்கேடு என்று ஒதுக்கிவிட முயல்வோர், அதே முறைப்பாட்டின் மற்றொரு பகுதியை வசதியாக மறந்துவிடுகின்றனர். வாடிக்கையாளரின் இசைவின்றி அவர்தம் பதிவுகளைக் கொண்டு காட்சிகளை இனங்காணும் கணிப்பு முறைகளை நிறுவனம் பயிற்றியது என்பதும் ஆணைக்குழுவின் குற்றச்சாட்டாகும். ஒழுக்கம் கெட்ட ஊழியரெவரும் செய்ததன்று அது. உற்பத்தி முறையே அவ்வாறு அமைந்திருந்தது. கமராவை வாங்கியவர் வீட்டார். மின்சாரமும் இணைய இணைப்பும் அவருடையவை. தம் வாசலைத் தாமே பின்னர் பார்ப்பதற்குத் திங்கள்தோறும் கட்டணம் செலுத்துபவரும் அவரே. இத்தனைக்கும் மேலாக, அவர் குடும்பத்தின் நடமாட்டம் மூலப்பொருளாக இலவசமாய்ச் சென்று சேர்ந்தது. கூலி கொடாது பெறப்படும் மூலப்பொருளை எந்த வணிகர்தான் வேண்டாமென்பார்?

அரசின் கை நீளும் வழியும் இதுவே. 2022 யூலையில் செனற்றர் எட் மார்க்கிக்கு அளித்த விடையில், அவ்வாண்டில் அதுவரை 11 தடவைகள், அவசரநிலை எனக் கூறப்பட்ட வேளைகளில், உரிமையாளரின் இசைவின்றியே பொலிசாருக்குப் பதிவுகள் வழங்கப்பட்டதை அமேசன் ஒப்புக்கொண்டது. அவற்றுட் சில உண்மையான அவசரங்களாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவசரமா, இல்லையா என்று தீர்மானித்தவர் நீதவானும் அல்லர், வீட்டாரும் அல்லர். வீட்டுப் பெட்டியில் இருக்கும் பதிவைப் பெறப் பொலிசார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். திறப்பதா மறுப்பதா என்று வீட்டார் சொல்லலாம். களஞ்சியத்திற் கிடக்கும் பதிவைப் பொறுத்தவரை அவர் காதுக்குச் செய்திகூட எட்டவேண்டியதில்லை.

முகில் வேண்டாம் என்று ஒதுங்கியோரும் தப்பவில்லை. பதிவுகள் வீட்டைவிட்டு வெளியேறா என்று விளம்பரம் செய்த யூஃபி கமராக்கள், முகங்கள் தெரியும் சிறுபடங்களைத் தொலைவிலுள்ள சேவையகத்துக்கு அனுப்பியமை 2022 நவம்பரில் வெளிப்பட்டது.

மனிதரையும் பூனையையும் பிரித்தறிந்து எச்சரிக்கும் வசதிகள் வேண்டுமெனின், நிறுவனம் பதிவைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது எதிர்த்தரப்பின் இறுதி அரண். இது உண்மையன்று. வீட்டிலிருந்து புறப்படுமுன் பதிவை மறைகுறியாக்கி அனுப்பும் முறை புதிதன்று. றிங்கே 2021 முதல் அதனை வழங்குகின்றது. ஆனால் வீட்டார் தேடிச்சென்று இயக்கினாலன்றி அது இயங்குவதில்லை, இயக்கினால் வேறு பல வசதிகள் நின்றுவிடும். அனுப்புதல் மட்டும் கேளாமலே நிகழ்கின்றது. 2019இல் அப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய முறையிலோ, காட்சியை இனங்காணும் வேலையை வீட்டிலுள்ள கருவியே முடித்துவிடுகின்றது. நிறுவனமும் திறக்கவியலாத வடிவிற் பதிவு வெளியே சென்று, 10 நாட்களின்பின் நீக்கப்படுகின்றது. அப்பிளும் தருமத்துக்காக இதனைச் செய்யவில்லை. அங்கும் திங்கட் கட்டணம் உண்டு. ஆயினும் திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றாலும் பிரதி எஞ்சுகின்றது, சாவியும் வீட்டாரிடமே இருக்கின்றது.