அக்குள் முடியும் வியர்வையும்

பேசக் கூச்சப்படும் பொருள்தான். ஆனால் விடுதி அறைகளிலும் காலை நேரத்து அரிமளம் பேருந்திலும் நண்பர்கள் காதோடு காதாகப் பேசுவதை, விலங்கியல் மாணவனான நான் எழுதத் தயங்குவானேன்? அக்குள் முடியை மழித்தால் வியர்வை நின்றுவிடும் என்கிறார்கள். நிற்காது.

வியர்வை தோலுக்குள் இருக்கும் சுரப்பிகளின் வேலை. உடலைக் குளிர்விக்கும் எக்ரின் சுரப்பிகள் தோலின் மேற்பரப்பிலேயே திறக்கின்றன. முடியோடு அவற்றுக்கு உறவில்லை. அப்போக்ரின் சுரப்பிகள் முடிக்குழியில் திறக்கின்றன. பிளேடு அறுப்பதோ வெளியே நிற்கும் முடியை மட்டும்; எந்தச் சுரப்பியையும் அது தொடுவதில்லை.

நாற்றம் வேறு கதை. புதிய வியர்வைக்கு வாடை மிகக் குறைவு. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. முடி அவற்றுக்கு இடம் தருகிறது. 1953-இல் ஷெல்லி முதலானோர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், மழித்த அக்குளில் நாற்றம் குறைந்தது. ஆகவே விரும்புவோர் மழிக்கட்டும். சோப்பும் துவைத்த சட்டையும் போதுமென்போர் விட்டுவிடட்டும். ஆனால் அறைக்கு ஒரு பிளேடு என்று நால்வர் பகிர்வதை வன்மையாகக் கண்டிக்கிறேன். ஹெபடைடிஸ் பி அவ்வழியே பரவக்கூடும். சலூனில் மட்டும் புது பிளேடு கேட்கத் தெரிகிறதே!

இன்னொன்று. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. சித்திரை வெயிலில் தைலமரக் காட்டில் மரம் வெட்டும் என் தந்தையின் உயிரைக் காப்பது அதுதான். அத்தகையோர் மாலையில் பேருந்தில் ஏறும்போது நண்பர் சிலர் மூக்கைப் பொத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.