எதுக்கு வம்பு, கட்டிட்டுப் போ!

புனேல நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து உட்கார்ந்து, கடன் வசூல்காரன் மிரட்டுறான்னு யாராவது வாயைத் திறந்தா போதும். "மொழி தெரியாத ஊரு, எதுக்கு வம்பு, கட்டிட்டுப் போப்பா"ன்னு ஒரு பெரியவர் ஆரம்பிச்சிடுவார். கேட்டாலே பத்திக்கிட்டு வருது எனக்கு.

கடன் வாங்கினா கட்டணும், அதுல ரெண்டு பேச்சு இல்லை. ஆனா கட்டுறது வேற, மிதிபடுறது வேற மக்களே.

நாம மசியலைன்னா வசூல்காரன் நேரா திண்டுக்கல்ல இருக்கிற அப்பாவுக்குப் போனைப் போடுவான். "உங்க பையனைப் போலீஸ் தேடுது." அவ்வளவுதான், விடிஞ்சதும் அம்மா வளையல் அடகுக் கடைக்குப் போயிடும். நம்ம மானம்தான் அவனோட முதலீடு.

2022 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி தெளிவா சொல்லிடுச்சு: காலை 8 மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமோ கூப்பிடக்கூடாது. குடும்பத்தாரை, நண்பர்களைத் தொந்தரவு பண்ணக்கூடாது, மிரட்டக்கூடாது. ஏஜெண்ட் செய்யற அட்டூழியத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தவணை தவறினதுக்காக மட்டும் யாரையும் கைது பண்ண முடியாது. (செக் பவுன்ஸ் வேற கதை. அதுலயும் முதல்ல எழுத்துல நோட்டீஸ் வரணும்.)

இந்த "கட்டிட்டுப் போ" புத்திதான் திருட்டுப் பயலுக்கும் சோறு போடுது. வீடியோ கால்ல சிபிஐன்னு ஒருத்தன் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"ங்கிறான், படிச்சவங்களே சேமிப்பைத் துடைச்சுக் கொடுக்குறாங்க. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்துல கிடையவே கிடையாதுன்னு 2024 அக்டோபர்ல பிரதமரே ரேடியோவுல சொன்னார். பணம் போயிடுச்சா, அழுதுட்டு உட்காராம உடனே 1930க்குப் போடுங்க. பணம் அடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள முடக்கினாத்தான் உண்டு.

மொழி தெரியாதாம்! வங்கிக்கு இங்கிலீஷ்ல ஒரு மெயில் போட ஹிந்தி எதுக்குங்க? மிரட்டல் காலை ரெக்கார்ட் பண்ணி, தேதி நேரத்தோட எழுதி அனுப்புங்க. 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் கிட்ட போங்க, பைசா செலவில்லை.

இன்னொண்ணு. 2024 ஜூலைல வந்த புதுச் சட்டப்படி, கைது செய்யக்கூடிய குற்றம்னா எந்த ஸ்டேஷன்ல வேணும்னாலும் புகார் கொடுக்கலாம், எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பக்கூடாது. மிரட்டிப் பணம் பறிக்கிறது அந்த ரகம்தான். அதனால அடகுக் கடைக்குப் போற அப்பாவைத் திண்டுக்கல் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்க. தமிழ்லயே எழுதிக் கொடுக்கலாம்.