பக்ஷிகள் வசிக்கும் மலைப்படிகள்

பங்குனி பிறந்தால் பழனிக்கு ஜனங்கள் வந்து சேர்கிறார்கள். பக்ஷிகளோ விடைபெற்றுப் போகின்றன. காவடிகளை வரவேற்க ஊரே திரளுகிறது. பக்ஷிகளை வழியனுப்பத்தான் ஆளில்லை. நேயர்கள் ஒரு நாள் ஒதுக்க முடியுமானால், குழந்தைகளுடன் பாலசமுத்திரத்துக்கு வாருங்கள். அதிகாலையில் எழுந்திருக்க வேண்டும். பேசாமல் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் சற்றுக் கடினம்!

முதலில் பாலாறு–பொருந்தலாறு அணைக்குப் போவோம். ஆழத்தில் முழுகி மீன் பிடிக்கிறது நீர்க்காகம். கரையோரத்தில் அசையாது நிற்கிறது கொக்கு. நீர் ஒன்றுதான், ஆனால் அவற்றின் ஆழம் வேறு. ஒவ்வொரு பக்ஷிக்கும் அதற்குரிய இடம் உண்டு என்பதே இன்றைய முதற்பாடம்.

அங்கிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறுவோம். ஓடைக்கரையில் வேலையற்ற பையன் சீட்டியடிப்பது போல் கேட்டால், அது சீகாரப் பூங்குருவி. அருகிலுள்ள பாறையில் மஞ்சள் வயிறும் ஓயாமல் ஆடும் வாலுமாக ஒரு சிறு பக்ஷி தெரியும். அதுதான் கருஞ்சாம்பல் வாலாட்டி. குளிர்காலத்தை நம்மிடம் கழித்துவிட்டு, கூடு கட்டுவதற்காக இமயமலைப் பக்கம் திரும்பப் போகிறது.

சுமார் 7,000 அடி உயரத்தில் சோலைகள் இருக்கின்றன. இங்கே வனத்துறையின் அனுமதியும், இடமறிந்த உள்ளூர் வழிகாட்டியின் துணையும் அவசியம். அவர் கைகாட்டும் புதரிலிருந்து கலகலவென்று சிரிப்பொலி எழும். அதுவே பழனிச் சிரிப்பான். 1869-ல் இதற்குச் சாஸ்திரப் பெயரிட்டபோது, ஃபேர்பாங்க் என்ற பாதிரியாரின் பெயரைச் சூட்டினார்கள். இச்சிரிப்பான்களுக்கென்று 2017-ல் விஞ்ஞானிகள் தனிப் பேரினமே வகுத்தார்கள். மேற்கு மலைத்தொடருக்கு வெளியே உலகில் எங்கும் இவை கிடையா.

நீலகிரியில் வசிப்பது இதே ஜாதி அன்று; அதன் உறவு ஜாதி. நடுவே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்தான். வாலாட்டி தேசத்தின் மறு கோடிவரை பறக்கிறது. சிரிப்பானுக்கோ அந்தத் தாழ்ந்த வெயில் நிலம் கடக்க முடியாத சமுத்திரமாகிவிட்டது. குளிர்ந்த மலையுச்சியே அதற்கு உலகம்.

ஆகையால், அந்த உச்சியில் நாம் செய்வதற்கெல்லாம் பலன் அனுபவிப்பது அதுதான். தைலமரமும் வாட்டிலும் பைன் மரமும் வைத்துப் பழைய புல்வெளிகளில் பெரும்பகுதியை மூடிவிட்டோம். மரம் இருந்தால் காடுதானே என்பர் சிலர். வீடு இருந்தால் நம் வீடாகிவிடுமா? 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல காரியம். எஞ்சியுள்ள சோலையைக் காப்பதும், அயல்மரம் அகற்றிய இடத்தில் சுதேச மரமும் புல்லும் மீளச் செய்வதும் இனி நடக்க வேண்டியவை.

கொடைக்கானல் செல்லும் அன்பர்கள் ஏரியில் படகு விட்டதோடு திரும்பிவிடாமல், ஒரு காலைப்பொழுதைச் சோலைக்குக் கொடுங்கள். கண்ட பக்ஷிகளைக் குழந்தைகள் நோட்டில் குறித்துவைக்கட்டும். அடுத்த பங்குனியில் அதே இடத்தில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று அந்த நோட்டே சொல்லும்.