கதவைக் கழற்ற வேண்டாம், சாவி வெட்டுவோம்

இலங்கைத்துறை முகத்துவாரத்துப் பெரியவர்களிடம் நாங்கள் பதிவு செய்த குரல்கள் ஒரு பழைய மேசைக் கணினியில் இருக்கின்றன. 2004 சுனாமி, 2006இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட கதை, எல்லாம் அதுக்குள்ளதான். எல்லாரும் கேட்டு எழுதட்டும் எண்டு அந்தப் போல்டரைக் கடவுச்சொல் இல்லாமலே வலையமைப்பில் பகிர்ந்து வைத்திருந்தோம்.

போன கிழமை புது லப்டொப்பில் அதைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் நுழைவைத் தடுக்கிறது’ என்ற கருத்தில் ஒரு செய்தி. எங்களுக்கு ஏது நிறுவனம்?

கேட்ட இடமெல்லாம் ஒரே வைத்தியம்: “ஃபயர்வோலை நிப்பாட்டு, விருந்தினர் தடையை எடு, எஸ்எம்பி 1 ஐ ஓன் பண்ணு.” இதில் ஏதோ ஒன்றில் போல்டர் திறந்துவிடும். ஆனாலும் இது பிழையான வைத்தியம் என்பதுதான் எங்கள் கருத்து.

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையால்தான் 2017 மே 12இல் வன்னக்ரை பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் நச்சுநிரல் அது. 150 நாடுகளுக்கு மேல் கணினிகள் மாட்டின. பிரித்தானிய மருத்துவமனைகளில் சத்திரசிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அந்த ஆண்டிலிருந்தே புதிதாக நிறுவும் விண்டோஸ் 10இல் எஸ்எம்பி 1 நிறுத்தப்பட்டு வருகிறது.

2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு இன்னொரு படி போனது. பரிமாறும் ஒவ்வொரு தகவலிலும் கையொப்பம் கேட்கிறது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் எதை வைத்துக் கையொப்பம் இடுவார்? எங்கள் லப்டொப் மறுத்தது அதனால்தான்.

ஆகவே ஒழுங்காகப் பார்ப்போம். இரண்டு கணினியும் ஒரே ரவுட்டரில் இருக்கா? வலையமைப்பு ‘பொது’ என்றில்லாமல் ‘தனிப்பட்டது’ என்று இருக்கா? கோப்புப் பகிர்வு ஓன் செய்திருக்கா? கணினியின் பெயரால் கிடைக்காவிட்டால் ஐபி எண்ணைப் போட்டுப் பாருங்கோ. எண்ணில் கிடைத்தால் பிழை பெயரில்தான். பழைய கடவுச்சொல் லப்டொப்பில் சேமித்துக் கிடந்தால் அதை அழியுங்கோ. எங்களுக்கு இவை எல்லாம் சரி. அதனால் மேசைக் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு புதுக் கணக்குத் திறந்து, அந்தக் கணக்குக்கு மட்டும் போல்டரைப் பகிர்ந்தோம். பத்து நிமிச வேலை. லப்டொப்பில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்தவுடனே திறந்தது.

“நாங்கள் கலைப்பீடம், இது ஐடி பெடியன்ட வேலை” என்று இனியும் ஒதுங்க ஏலாது. எங்களோடு கதைத்த அம்மம்மாக்கள் சிலரிடம் சுனாமிக்கு முந்திய ஒரு படம்கூட இல்லை. அவர்கள் நம்பித் தந்த குரலை யாரும் நுழையக்கூடிய போல்டரில் விட்டது எங்கள் பிழை. ஒரேயொரு பிரதியாக வைத்திருந்ததும் பிழைதான். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது.