விதை நெல்லை விற்று விருந்தா?

“ஜடேஜாவைத் தூக்கிக் குடுத்துட்டாங்களாமே!”

2025 நவம்பரில் சென்னையில் டீக்கடைக்கு டீக்கடை இதே பேச்சு. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை சூப்பர் கிங்ஸ். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி 2 பந்தில் சிக்சரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவரை அனுப்பலாமா என்று ஒரு கட்சி. “வயசு 37 ஆகப் போகுதேப்பா!” என்று எதிர்க் கட்சி.

என்னைக் கேட்டால், அது ஆளுக்கு ஆள் பேரம். பெரிய ஆளைக் கொடுத்தார்கள், பெரிய ஆளை வாங்கினார்கள். லாபமா நஷ்டமா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும்.

எனக்குப் பயம் வேறொரு பேரத்தில்தான். மீசை அரும்பும் பையனைக் கொடுத்து, பேர் போன நட்சத்திரத்தை வாங்குகிற பேரம்!

நான் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செய்திக்குக் காத்துக் கிடக்கிறவன். வீட்டில் திருட்டுப் போனால், விடிந்ததும் ஓடி வந்து கதறுவார்கள். இந்தப் பேரத்தில் பறிபோனது என்ன என்று தெரியவே பத்து வருஷம் ஆகும். அதற்குள் பேரம் பேசினவர் நாற்காலியில் இருக்க மாட்டார். யார் மேல் கேஸ் போடுவது?

9 வெற்றி, தோல்வி பூஜ்யம்!

அமெரிக்காவில் நடந்த கதை இது. நமக்கு கிரிக்கெட் மாதிரி அவர்களுக்கு பேஸ்பால். அதில் பந்து எறிகிறவர்தான் ராஜா.

1987 ஆகஸ்டு 12. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி பட்டத்தைத் துரத்திக் கொண்டிருந்த நேரம். தேர்ந்த கை ஒன்று உடனே வேண்டும். அட்லாண்டா அணியிலிருந்து டாயில் அலெக்சாண்டரை வாங்கினார்கள். வயசு 36. பதிலுக்குக் கொடுத்தது 20 வயசுப் பையன் ஜான் ஸ்மோல்ட்சை.

அலெக்சாண்டர் ஏமாற்றவில்லை. அந்த சீசன் முடிவதற்குள் 9 வெற்றி. ஒரு தோல்வி கூட இல்லை! டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அடேங்கப்பா, என்ன கெட்டிக்கார பேரம் என்று அன்றைக்குச் சொல்லாதவர் யார்?

ஆனால் அடுத்த கட்டத்தில் மின்னசோட்டாவிடம் 4-1 என்று உதை. அலெக்சாண்டர் ஆடிய 2 ஆட்டமும் தோல்வி. 1989-ஓடு அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

பையன்? 1995-ல் அட்லாண்டாவுக்கு உலகக் கோப்பை வந்தபோது அவனும் அந்த அணியில் இருந்தான். 1996-ல் சிறந்த பந்து எறிபவருக்கான சை யங் விருது. அட்லாண்டாவில் மட்டும் 20 வருஷம் ஆடினான். மொத்தம் 213 வெற்றி. 2015-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்!

டெட்ராய்ட் இருக்கும் அதே மிச்சிகன் மாநிலத்துப் பையன் அவன். சின்ன வயசிலிருந்தே டைகர்ஸ் ரசிகன். சொந்த ஊர்க் கிணற்றை விற்றுவிட்டு, அடுத்த தெருவில் குடம் ஏந்தின கதைதான்.

வாயில்லாப் பூச்சி

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பேஸ்பாலில் 10 வருஷம் பெரிய லீகில் ஆடி, கடைசி 5 வருஷம் ஒரே அணியில் இருந்தவர், “நான் போக மாட்டேன்” என்று தடுக்கலாம். 20 வயசுப் பையனுக்கு அந்த உரிமை கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நட்சத்திரத்துக்கு வாய் உண்டு. பையன் வாயில்லாப் பூச்சி!

நம்ம ஊர்க் கதை

விற்றால்தான் போகும் என்றில்லை. பெஞ்சில் உட்கார வைத்தாலும் போகும்.

தமிழ்நாட்டு சுழல் பந்து வீச்சாளர் சாய் கிஷோர் 2020-லும் 2021-லும் சென்னை அணியில் இருந்தார். ஒரு ஆட்டம் கூட கிடைக்கவில்லை. 2022-ல் குஜராத் 3 கோடி கொடுத்து அழைத்துப் போனது. அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் 2 விக்கெட் எடுத்தார். கோப்பை குஜராத்துக்கு!

“2018-லும் 2021-லும் பெரியவர்களை வைத்துத்தானே சென்னை கோப்பை வாங்கியது?” என்று கேட்பீர்கள். உண்மைதான். டெட்ராய்ட்டுக்கும் 1987 இனித்தது. அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசிக்கு நெல் குத்தலாம். விதை நெல்லைக் குத்தினால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? 2025-ல் சென்னை அணி முதல் தடவையாகக் கடைசி இடத்துக்குப் போனதே!

அதன் பிறகுதான் புத்தி வந்தது போலும். 2025 டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு பொடியன்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தார்கள். பலே! ஆனால் பணம் கொட்டினால் மட்டும் போதாது. பையன் இரண்டு தடவை பூஜ்யத்தில் அவுட் ஆனதும், “இவனைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய ஆளைப் பிடி” என்று கத்தப் போவது யார்? டிக்கெட் வாங்கிய நாம்தான்!

அணி முதலாளிகளுக்கு ஒரே வார்த்தை. கொடுப்பதானால் கொடுங்கள். அதற்கு முன்னால் பையனை பத்து ஆட்டம் ஆட விட்டுப் பாருங்கள். பார்க்காமலே விற்பது வியாபாரம் இல்லை, சூதாட்டம்!

கடை வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். பொட்டலம் கட்டத் தெரியாமல் வந்த பையன்தான் நாலு வருஷத்தில் கல்லாவைப் பார்த்துக் கொள்கிறான். அவனை எதிர்க் கடைக்கு அனுப்பினால், அங்கே நிற்கிற கூட்டத்தை நாம் இங்கிருந்து பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.